கிள்ளான் மாதாவின் திருவடி

பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலில் காலைத் தரிசனத்தை முடித்துக்கொண்டு, சென்ட்ரலில் கொமுட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் புறப்பட்டது, 1928-இல் எழுந்த லூர்து மாதா தேவாலயத்தை நிதானமாகக் காண வேண்டுமென்ற நெடுநாளைய ஆவலினால்தான். கூர்மாடச் சாளரங்களைக் கடந்து மாதாவின் சுரூபத்தருகே வந்தபோது, வெண்ணுடைக்கும் நீலக் கச்சைக்கும் கீழே, பாதரட்சையற்ற இரு பாதங்களின்மீதும் ஒவ்வொரு பொன்னிற ரோஜா மலர்ந்திருப்பதில் என் கண்கள் நிலைத்துவிட்டன.

ஐரோப்பியச் சித்திரக் கலையில் ஸ்திரீயின் அங்கங்களுக்கு ஏற்பட்ட அர்த்தங்களின் சரித்திரம் விசித்திரமானது. பாலூட்டும் தேவமாதாவின் திறந்த ஸ்தனத்தைக் கருணையின் ஊற்றென்றே கருதி, இத்தாலியரும் பிளாண்டர்ஸ் ஓவியரும் சங்கோசமின்றித் தீட்டினார்கள். யான் வான் ஐக் தீட்டிய அத்தகைய படமொன்று பிராங்பர்ட்டில் இன்றும் இருக்கிறது. ஸ்பெயின் தேசத்திலோ, பெண்ணின் பாதத்தில்தான் சிருங்காரம் குடிகொண்டிருப்பதாக எண்ணினமையால், மாதாவின் பாதம் வெளியே தெரிவது அபசாரமாயிற்று. செவில் நகரில் சமய விசாரணைச் சபையின் பொருட்டுப் புனிதப் படங்களைப் பரிசோதித்து வந்த ஓவியர் பிரான்சிஸ்கோ பச்சேக்கோ, தாம் காலமான பின் 1649-இல் வெளிவந்த நூலில், அப்பாதங்களை மறைத்தே தீட்ட வேண்டுமென்று வற்புறுத்தினார். அவருடைய மருமகன் வெலாஸ்கெத் தீட்டிய அமலோற்பவ மாதா சந்திரன்மேல் நின்றும், அங்கியின் மடிப்புகள் அடிகளை முழுதும் மூடிவிடுகின்றன.

பிரான்சு தேசத்து லூர்து குகையில் 1858-இல் காட்சி கண்ட ஏழைச் சிறுமி பெர்னதெத், அந்த அன்னையின் ஒவ்வொரு பாதத்திலும் மஞ்சள் ரோஜா இருந்ததென்று கூற, அதையொட்டிச் சிற்பி பாபிஷ் சலவைக்கல்லில் செதுக்கி 1864-இல் குகையில் நிறுவப்பெற்ற உருவமே, கிள்ளான் சுரூபத்துக்கு மூலம்.

நான் நின்றுகொண்டிருக்கையில், மெட்டியணிந்த ஒரு மூதாட்டி அந்த ரோஜாவைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு, அதே விரல்களால் இடுப்பிலிருந்த பேரப்பிள்ளையின் நெற்றியைத் தடவி, “அம்மா காலைக் கும்பிட்டுக்கடா, சாமி” என்றாள். இதே ஊரில், 1892-இல் தோன்றிய சுந்தரராஜப் பெருமாள் கோயிலில், பகவானின் திருவடிகளைத் தாங்கிய சடாரிக்குத் தலை வணங்கும் பக்திதான் அவ்விரல்களிலும் இருந்தது.

பச்சேக்கோவின் கட்டுப்பாட்டினால் ஸ்பானிய ஓவியம் குன்றிவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். மறைக்க நேர்ந்ததனாலேயே துணி மடிப்புகளைத் தீட்டும் வித்தை அங்கே அபூர்வ சௌந்தரியம் பெற்றது. ஆயினும், அடியைப் பற்றிக்கொண்டே தெய்வத்தை அணுகிப் பழகிய என் மனம், கல்வியிற் சிறந்த அந்தப் பரிசோதகரைவிட, எழுத்தறியாத பெர்னதெத்தின் சாட்சியத்தையே உவந்து ஏற்கிறது.