மட்டாஞ்சேரி ஜெப ஆலயம்

கொச்சி செல்லும் அன்பர்கள் மட்டாஞ்சேரியில் யூதர் தெருவிலுள்ள பரதேசி ஜெப ஆலயத்தைக் காணாது திரும்பலாகாது. பரதேசி என்பது இங்கு அயல்நாட்டார் என்ற பொருளில் வழங்குவது; நம்மவர் வாயில் வரும் வசைச்சொல் அன்று. 1568-ல் எழுந்த அவ்வாலயத்தில் சீனத்து நீல ஓடுகள் பதித்த தரையை யாவரும் வியப்பர். எனக்கோ அதன் முன்கூடமே பெரிதாகப் பட்டது. விடுதலையுற்ற அடிமைகளின் வழிவந்த யூதர், உள்ளே சமமாக அமரும் உரிமையின்றி அங்கிருந்தே தொழுதனர். அவ்வழியில் பிறந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பாரக் சாலேம் என்பார் வேறு ஆலயம் தேடிப் போகவில்லை. காந்தியடிகளின் சத்தியாக்கிரக வழியில் அவ்வாலயத்திலேயே தமக்குரிய இடத்தைக் கேட்டார். கட்டுப்பாடுகள் ஒரே நாளில் அல்ல, சிறிது சிறிதாகவே தளர்ந்தன. 1950-களில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். சாலேமோ கொச்சியிலேயே தங்கி, 1967-ல் அங்கேயே காலமானார்.