எவருடைய பிரதிநிதி?

'பிரதிநிதி' என்பது உறவுப்பெயர். 'தந்தை' என்றதும் எவருடைய தந்தை என்ற வினா எழுவதுபோல், இச்சொல்லும் ஓர் ஆறாம் வேற்றுமையை எதிர்பார்த்தே நிற்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் இதே நிலைதான். அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பின் தேர்தல் முறையைப் படிக்கும்போதெல்லாம் அந்த வினா எனக்கு எழுகிறது.

எங்கள் புத்தலப்பட்டில் ஒரு சிறுமி சதுரங்கம் ஆடுகிறாள் எனக் கொள்வோம். மாவட்டச் சங்கங்கள் சேர்ந்தது மாநிலச் சங்கம். அச்சங்கம் தன் சார்பில் இருவரைக் கூட்டமைப்பின் தேர்தலுக்கு அனுப்பும். தலைவரையும் செயலாளரையும் அவர்களே தேர்ந்தெடுப்பர். இப்படிகளுள் எதிலும் ஆடுபவள் என்ற முறையில் அச்சிறுமிக்கு வாக்கில்லை.

2021 ஜனவரித் தேர்தலில் 32 மாநிலச் சங்கங்களுக்கு மொத்தம் 64 வாக்குகள். பலகையின் கட்டங்கள் எத்தனையோ அத்தனை. சஞ்சய் கபூர் 33 வாக்குகள் பெற்றுத் தலைவரானார். வெங்கட்ராம ராஜாவுக்கு 31. ஒரே ஒருவர் மாற்றி வாக்களித்திருந்தால் முடிவு சமநிலையாகியிருக்கும். அந்த ஒருவர் எவருக்குக் கடமைப்பட்டவர்?

மாநிலங்களுக்குச் சம வாக்கு என்பதில் நியாயம் உண்டு. இல்லையேல் கிராண்ட்மாஸ்டர்கள் நிறைந்த தமிழ்நாட்டின் முன் சிறு மாநிலங்களின் குரல் எடுபடாது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பும் நாட்டுக்கு ஒரு வாக்கு என்றே வைத்திருக்கிறது. ஆயினும் இச்சமத்துவம் சங்கங்களுக்கு இடையிலானது. ஆடுவோரை அது எட்டுவதில்லை.

எங்கள் எல்லைப்புறத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இரு பக்கமும் இரு மொழியும் புழங்குகின்றன. ஆனால் திருத்தணிச் சிறுவனுக்குத் தமிழ்நாட்டின் இருவர். புத்தலப்பட்டுச் சிறுமிக்கு ஆந்திரத்தின் இருவர். இருவரையும் பிரித்தது ஆட்டமன்று, எல்லைக்கோடு.

2025ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், செயற்குழுவில் சிறந்த விளையாட்டு வீரர் இருவரேனும் பெண்கள் நால்வரேனும் இடம்பெற வேண்டும் என்கிறது. வரவேற்கத்தக்கதே. எனினும் புகழ்பெற்றவருக்கு இடம் தருவதும் பெயரறியாத ஆட்டக்காரருக்குப் பதில் சொல்வதும் வேறுவேறு.

பெரிய சீர்திருத்தம் எதையும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு மாநிலச் சங்கமும் தன் இரு பிரதிநிதிகள் யார், அவர்களை எந்தக் கூட்டம் எத்தனை வாக்குகளால் தேர்ந்தது என்பதைத் தேர்தலுக்கு முன்பே ஆட்டக்காரர்கள் அறிய வெளியிடட்டும். எவருடைய பிரதிநிதி என்ற வினாவுக்கு அதுவே முதல் விடை.