அம்மாவின் கட்டைவிரல்

ஆடி முதல் வாரம். குறுவைக்குக் களை எடுத்துக்கிட்டிருந்த நேரம். ரேஷன் கடைக்குப் போன அம்மா வெறும் பையோட திரும்பி வந்தாங்க.

"மெஷின் என் கையை எடுக்க மாட்டேங்குதுப்பா. எல்லா விரலையும் வெச்சுப் பார்த்தாச்சு."

நெட்வொர்க் சரியில்லாம இருக்கும்னு சொல்லிட்டு, மறுநாள் நானே போய் என் விரலை வெச்சு அரிசி வாங்கிட்டு வந்துட்டேன். அம்மாவோட கையை ஒரு தடவை பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்லை.

நெல்லு, மழை, மாடுன்னு எழுதிக்கிட்டிருந்தவன் இதை ஏன் எழுதுறேன்னா, உங்கள்ல நிறைய பேரோட அம்மா அப்பா ஊர்ல தனியா மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க. அதனாலதான்.

அம்மாவுக்கு வயசு 61. சித்திரையில பெருங்குடல்ல கட்டின்னு தஞ்சாவூர்ல ஆபரேஷன் ஆச்சு. நோய் திரும்ப வராம இருக்க ஆறு மாசம் மாத்திரைன்னாங்க. வீட்டிலேயே சாப்பிடலாம்னதும் எங்களுக்குப் பெரிய நிம்மதி. மாத்திரை பேரு கேப்சைட்டபின். காலையில மூணு, ராத்திரி மூணு. சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள்ள தண்ணியோட முழுசா முழுங்கணும், உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. 14 நாள் சாப்பிட்டு 7 நாள் விடணும், அது ஒரு சுற்று. மொத்தம் எட்டு சுற்று.

மாத்திரைதானேன்னு சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரையோட சேர்த்து அதையும் அலமாரியில வெச்சோம். அங்கதான் ஏமாந்தோம். இந்த மாத்திரை உடம்புக்குள்ள போய் ஃபுளோரோயுராசில்ங்கிற மருந்தா மாறுது. ஆஸ்பத்திரியில நரம்புல ஏத்துற அதே கீமோ மருந்துதான். வேகமா வளர்ற செல்லை அடிக்கிறது அதோட வேலை. புற்றுநோய் செல்லும் வேகமா வளரும், நம்ம குடலோட உள்தோலும் வேகமா வளரும். களைக்குன்னு மருந்து அடிச்சா பயிரோட நுனியும் கருகுற மாதிரிதான்.

மூணாவது சுற்று, பத்தாவது நாள் ராத்திரி. கொல்லைப்பக்கத்து லைட் எரியுது, அணையுது, மறுபடி எரியுது. அஞ்சாவது தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். அம்மா சுவரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. தூக்கி விடலாம்னு கையைப் பிடிச்சதும் "ஆ"ன்னு இழுத்துக்கிட்டாங்க. உள்ளங்கை ரெண்டும் செக்கச்செவேல்னு இருந்துச்சு. விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு பளபளன்னு இருக்கு, ரேகையே இல்லை. பாதமும் அப்படியே. இந்தக் கையை வெச்சுக்கிட்டுத்தான் ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் களை பறிச்சிருக்காங்க.

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னா டாக்டர் மாத்திரையை நிறுத்திடுவாரு. நிறுத்தினா அது திரும்ப வந்துடும்லப்பா."

விடிஞ்சதும் நான் நர்ஸம்மாவுக்குப் போன் போடுறேன், அம்மா இந்தப் பக்கம் காலை மாத்திரையைப் பிரிச்சுக்கிட்டு இருக்காங்க!

"முதல்ல அந்த மாத்திரையைக் கீழ வைக்கச் சொல்லுங்க" என்றார் நர்ஸம்மா. "வழக்கத்தைவிட நாலு தடவையோ அதுக்கு மேலயோ வயித்தால போனாலோ, ராத்திரி எழுந்து போக வேண்டியிருந்தாலோ அடுத்த வேளை மாத்திரை சாப்பிடாம எங்களைக் கூப்பிடணும். கை கால் எரிஞ்சு வேலை செய்ய முடியலைன்னாலும், வாய்ப்புண்ணால சாப்பிட முடியலைன்னாலும் அப்படித்தான். காய்ச்சல் வந்தாலோ நெஞ்சு வலிச்சாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது."

ரெண்டு நாள் படுக்க வெச்சு சலைன் ஏத்தினாங்க. அப்போ டாக்டர், "வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"ன்னு கேட்டாரு. நான் ஒண்ணும் இல்லைன்னேன். அம்மா மெதுவா, "மருமகளோட சத்து மாத்திரை தினம் ஒண்ணு" என்றார்.

தம்பி மனைவி அப்போ அஞ்சு மாசம். கிராம செவிலியர் கொடுத்த இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட் மாத்திரை அது. தனக்கும் உடம்பு அசதியா இருக்கேன்னு அம்மா அதுல பங்கு போட்டிருக்காங்க. ஃபோலிக் ஆசிட் கேப்சைட்டபினோட விஷத்தன்மையைக் கூட்டும்னு டாக்டர் சொன்னப்போதான் எங்களுக்குத் தெரியும். இன்னொண்ணும் கேட்டுட்டு அதிர்ந்துட்டாரு: அம்மாவுக்கு மாத்திரையைப் பிரிச்சுக் கையில கொடுத்தது யாரு? அந்த மாசமான பொண்ணுதான். கர்ப்பிணிங்க இதைத் தொடவே கூடாதாம். மத்தவங்களும் கையுறை போட்டுத்தான் எடுக்கணும், இல்லைன்னா மூடியில போட்டு அப்படியே கொடுக்கணும். பூச்சிமருந்து அடிக்கிற அன்னைக்கு அந்தப் பொண்ணை வரப்புப் பக்கமே விடாத குடும்பம் நாங்க. அலமாரியில இருந்த மருந்தை மட்டும் மறந்துட்டோம். (நல்லவேளை, தாயும் சேயும் நல்லா இருக்காங்க.)

அம்மாவோட பயத்துக்கும் டாக்டர் பதில் சொன்னாரு. "கொஞ்ச நாள் நிறுத்தி, அளவைக் குறைச்சு, திரும்ப ஆரம்பிக்கிறதும் வைத்தியம்தாம்மா. நீங்க மறைச்சீங்கன்னாதான் மொத்தமா நிறுத்த வேண்டி வரும்." ரெண்டு வாரம் கழிச்சு, குறைஞ்ச அளவுல மறுபடி ஆரம்பிச்சாங்க. விட்டுப்போன மாத்திரையைச் சேர்த்து ரெட்டிப்பா சாப்பிடக் கூடாதுன்னும் கண்டிப்பா சொன்னாங்க.

கை காலுக்கு ஒரு கிரீம் எழுதிக் கொடுத்தாங்க. அதுல யூரியான்னு போட்டிருந்துச்சு. "வயலுக்குப் போடுறதையா எனக்கும் போடுறாங்க?"ன்னு அம்மா சிரிச்சாங்க. ரொம்ப நாள் கழிச்சு வந்த சிரிப்பு. சுடுதண்ணியில பாத்திரம் கழுவக் கூடாது, வெறுங்காலோட வெயில்ல நடக்கக் கூடாது, இறுக்கமான செருப்பு கூடாது. களைக்கொத்து பிடிக்கவே கூடாதுங்கிறதுதான் அம்மாவுக்குப் பெரிய தண்டனை.

கைரேகை அழியறது எங்க வீட்டு அதிசயம் இல்லைன்னு அப்புறம் படிச்சேன். 2008 டிசம்பர்ல இதே மாத்திரை சாப்பிட்ட சிங்கப்பூர்க்காரர் ஒருத்தரை, கைரேகை பதியலைன்னு அமெரிக்க விமான நிலையத்துல நாலு மணி நேரம் நிறுத்தி வெச்சிருக்காங்க. அவருக்கு விமான நிலையத்துல தெரிஞ்சது, எங்களுக்கு ரேஷன் கடையிலேயே தெரிஞ்சிருக்கணும்.

நான் டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டுறது குறைக்கிறதெல்லாம் உங்க டாக்டர் சொல்றபடிதான். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். ஊருக்குப் போன் பண்ணும்போது "மாத்திரை சாப்பிட்டியாம்மா?"ன்னு மட்டும் கேக்காதீங்க. "சாப்பிட்டேன்"னு பதில் வரும், போனை வெச்சுடுவோம். வீடியோ கால்ல உள்ளங்கையைக் காட்டச் சொல்லுங்க. ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்கன்னு கேளுங்க. வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேளுங்க. கூச்சத்துல சொல்ல மாட்டாங்க, நாமதான் கேக்கணும்.

கார்த்திகையில எட்டு சுற்றும் முடிஞ்சது. தை மாசம் அம்மா பிடிவாதமா தானே ரேஷன் கடைக்குப் போனாங்க. ரெண்டு தடவை எடுக்கலை. மூணாவது தடவை மெஷின் எடுத்துக்கிச்சு. அரிசிப் பையை என்கிட்ட கொடுத்துட்டு, வீடு வர்ற வரைக்கும் கட்டைவிரலைப் பார்த்துக்கிட்டே வந்தாங்க.