நாவற்குடாவும் நாவற்பழமும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே செல்வோமாயின், ஒருபுறம் வாவியும் மறுபுறம் வங்கக் கடலும் உடன்வரச் சிறிது தூரத்தில் நாவற்குடாவை அடைகின்றோம். பழைய இரும்புப் பாலத்தின் அருகே 2013ஆம் ஆண்டில் புதிய பாலமும் திறக்கப்பட்டமையால் பயணம் எளிதாயிற்று. அயலூர் நொச்சிமுனை. இப்பகுதியின் முன்னோர் ஊருக்குப் பெயர் தேடி ஏடு புரட்டவில்லை; கண்ணெதிரே தழைத்து நின்றதைப் பார்த்தே பெயரிட்டனர் போலும்!

நாவலைத் தமிழர்க்கு அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. நாவலந்தீவு என்னும் பெயரும், ஔவையை மடக்கிய சுட்ட பழமும், திருவானைக்காவின் வெண்ணாவலும் நாம் அறிந்தவையே. ஆயினும், பழம் தின்று நாக்கு ஊதாநிறமாகித் திரியும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் நாவற்பூவைக் கண்டிருப்பர்?

வெண்பச்சை நிறத்துச் சிறு பூக்கள் கொத்துக் கொத்தாய் மணத்துடன் மலர்கின்றன. இதழ்கள் ஒன்றுகூடிச் சிறு தொப்பிபோல் மூடியிருக்கும். அது கழன்று விழுந்ததும் கேசரங்கள் குஞ்சம்போல் விரிய, தேன் திறந்த கிண்ணத்தில் வைத்தாற்போல் கிடைக்கின்றது. பொந்துத் தேனீ, கொம்புத் தேனீ, மலைத்தேனீ, ஈ யாவும் விருந்தாளிகளே. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் தானாக வளரும் புளூபெரி அப்படியன்று. அதன் பூ கவிழ்ந்த மணி போன்றது. பருத்த காட்டுத் தேனீ தன் உடலை அதிரச் செய்து குலுக்கியே மகரந்தத்தை உதிர்க்கும். அவை போதாமையால் பூக்காலத்தில் தேன்கூட்டுப் பெட்டிகளை வாடகைக்குப் பெற்று லொறிகளில் கொணர்கின்றனர். அந்நாட்களில் குளிரும் மழையும் நீடித்தால் தேனீ வெளிவராது. அவ்வாண்டு விளைச்சலும் குன்றும்.

நம் நாவலுக்குக் குளிர் பகையன்று. வேளை தவறிய மழையே பகை. பூக்கும்போது வறண்ட வானிலை வேண்டும். மழை அடித்தால் மகரந்தம் கழுவுண்டு போகும்; தேனீயும் கூட்டிலேயே முடங்கும். ஓயாது மழை பெய்யும் இடங்களில் இம்மரம் செழித்து வளர்ந்தும் நன்கு காய்ப்பதில்லை. மட்டக்களப்பின் பெருமழை ஐப்பசி முதல் தை வரையில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து போய்விடுவது நல்வாய்ப்பே. ஆனால் கோடையில் வீசும் கச்சான் காற்று பொல்லாதது. அவ்வெப்பத்தில் பூவின் தேன் வற்றும், பிஞ்சும் உதிரும். பழம் முதிரும் வேளையில் ஒரு மழை கிடைத்தாலோ சதைப்பற்று மிகும். ஒரே மழை, முன்னே வந்தால் கேடு, பின்னே வந்தால் வரம்!

'மீன்பாடும் தேனாடு' என்று இந்நாட்டைப் புகழ்கின்றோம். பாடும் மீனைக் கேட்க நிலவில் தோணியேறுவோர் பலர். தேனைத் தரும் ஈயின் வீட்டை நினைப்போர் சிலர். பொந்துத் தேனீக்கு வீடு முதுமரத்தின் பொந்துதான். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அடித்த சூறாவளி இம்மாவட்டத்தில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. விதையிலிருந்து எழும் நாவல் காய்க்க எட்டுப் பத்து ஆண்டுகள் செல்லும். பொந்து விழுமளவு முதிர்வதற்கோ ஒரு தலைமுறை போதாது. அன்று சூறாவளி செய்ததை இன்று வீடு கட்டுவோரின் கோடரி சிறுகச் சிறுகச் செய்கின்றது என்பதே நம் கவலை.

முற்றத்தில் ஒரு நாவல் வைக்க விரும்பும் மாணவர்க்கு ஒரு குறிப்பு: இதன் விதையை உலர்த்திப் பத்திரப்படுத்தலாகாது, சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடும். பழம் தின்ற ஓரிரு நாட்களுக்குள்ளேயே ஊன்றிவிடுக.