கைதட்டலுக்காகச் சொன்ன பொய்

தெரிந்தே ஒரு பொய்யை மேடைமேடையாகச் சொல்லியிருக்கிறேன். களைக்கொல்லி தாங்கும் நெல் என்று வட இந்தியாவில் விற்பனைக்கு வந்திருப்பது பாக்டீரியாவின் மரபணுவைத் திணித்துச் செய்த நெல் என்பதே அந்தப் பொய். முதல் சில கூட்டங்களில் அதை அறியாமல் சொன்னேன். படித்துத் தெளிந்த பிறகும் வசனத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த இடத்தில்தான் கைதட்டல் விழும்.

நான் படித்துத் தெரிந்துகொண்டது இதுதான். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2024இல் பூசா பாஸ்மதி 1979, பூசா பாஸ்மதி 1985 என்ற இரண்டு ரகங்களை விவசாயிகளுக்கு வெளியிட்டது. இமாசெதாபைர் என்ற களைக்கொல்லியை வயல் முழுக்கத் தெளித்தாலும் இவை சாகாது. நாகினா 22 என்ற வறட்சி தாங்கும் நெல்லின் விதைகளை வேதிப்பொருளில் ஊறவைத்து, அதனால் உண்டான மாற்றங்களில் ஒன்றைப் பொறுக்கி எடுத்ததில் கிடைத்த குணம் அது. அதைக் கண்டெடுத்தவர் நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானி எஸ். ராபின். அந்த நெல்லுக்கும் ராபின் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். செடி மூன்று வகை அமினோ அமிலங்களைத் தயாரிக்க ஒரு நொதி வேண்டும். மருந்து அந்த நொதியை முடக்கிவிடுவதால் புல் வளர்ச்சி நின்று கருகுகிறது. ராபினில் அந்த நொதியின் அமைப்பு கொஞ்சம் மாறியிருப்பதால் மருந்தின் பாச்சா பலிப்பதில்லை. வேறு உயிரின் மரபணு எதுவும் அதில் இல்லை.

பாக்டீரியா கதை அமெரிக்காவில் வேறொரு நெல்லுக்கு நடந்தது. மண்ணில் வாழும் பாக்டீரியாவின் மரபணுவை நெல்லில் சேர்த்து, குளூஃபோசினேட் மருந்தைத் தாங்கும்படி செய்திருந்தார்கள். அனுமதி பெறாத அந்த நெல் கடைச் சரக்கில் கலந்திருப்பது 2006 ஆகஸ்டில் வெளியே வந்தது. அமெரிக்க நெல்லின் ஏற்றுமதி ஆட்டம் கண்டது. 2011இல் பேயர் நிறுவனம் விவசாயிகளுக்கு 75 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. இந்த இரண்டு கதைகளையும் ஒரே முடிச்சில் கட்டி, பாஸ்மதியின் கழுத்தில் மாட்டியவன் நான்.

ஒரு கூட்டத்தில் வேளாண்மை படிக்கும் பெண் எழுந்து, "ஐயா, ராபின்ல வெளி ஜீன் எதுவும் இல்லையே?" என்று கேட்டாள். அவள் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். "எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதாம்மா" என்றேன். கூட்டம் சிரித்தது. அவள் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாணவியின் சரியான கேள்வியைச் சிரிப்பில் அமுக்கிவிட்டேன்.

இன்னொன்றையும் மறைத்தேன். திருவாரூர்ப் பக்கம் எங்கள் பத்து மா நிலத்தை அண்ணன் மகன் பார்த்துக்கொள்கிறான். நட்ட மூன்றாம் நாள் பிரிட்டிலாகுளோரை மணலில் கலந்து வீசுவான். பிறகு புல் தலையெடுத்தால் பிஸ்பைரிபாக் அடிப்பான். களை பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று அவன் வந்து நின்றபோது மருந்துக்குப் பணம் எடுத்துக் கொடுத்தது நான்தான். மேடையில் நான் விஷம் என்று திட்டிய இமாசெதாபைர் முடக்கும் அதே நொதியைத்தான் பிஸ்பைரிபாக்கும் முடக்குகிறது.

இத்தனை பொய்க்கும் அவசியமே இருக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு இருந்தது. பஞ்சாப், அரியானாவில் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகிறது. சேறடித்து நடாமல் நேரடியாக விதைக்கச் சொல்கிறார்கள். வயலில் தண்ணீர் நிற்காவிட்டால் நெல்லோடு களையும் முளைத்து வரும். அதற்காகத்தான் இந்த ரகம். ஆனால் வயலில் தானாக முளைத்து மணியை உதிர்த்துவிடும் களை நெல்லும் நெல் இனம்தானே? குதிரைவாலிப் புல்லை இலை தண்டோடு சேரும் இடத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்: நெல்லில் அங்கே மெல்லிய சவ்வும் மயிரும் இருக்கும், புல்லில் மொழுமொழுவென்று இருக்கும். களை பறிக்கும் பெண்கள் பேச்சை நிறுத்தாமலே பிரித்து எடுப்பார்கள். களை நெல்லிலோ அந்தச் சவ்வும் மயிரும் அப்படியே இருக்கும். கதிர் வந்த பிறகுதான் குட்டு வெளிப்படும். கொஞ்சம் தாமதித்தாலும் அடுத்த போகத்துக்கான விதை மண்ணில் விழுந்திருக்கும்.

நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் என்றாலும் அரிதாகப் பக்கத்துச் செடியோடும் கலக்கும். அந்த அரிதே போதும். லூசியானாவில் இதேபோல வேதிப்பொருளால் மாற்றி, களைக்கொல்லியைத் தாங்கும்படி உருவாக்கிய நெல் 2002இல் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் அக்கம்பக்கத்துக் களை நெல்லும் அந்த மருந்தைத் தாங்கப் பழகிவிட்டது. விதை எந்த வழியில் பிறந்தது என்பது இந்த ஆபத்துக்கு ஒரு பொருட்டே இல்லை.

களைக்கொல்லி தாங்கும் விதை நம் பக்கம் வந்தால் 'மரபணு மாற்றம் செய்யப்படாதது' என்று சொல்லித்தான் விற்பார்கள். அது உண்மை. என் பேச்சைக் கேட்ட விவசாயி அப்போது என்ன நினைப்பார்? நான் சொன்னது அத்தனையும் கட்டுக்கதை என்று முடிவுகட்டி, களை நெல் பற்றி யார் எச்சரித்தாலும் அதையும் சேர்த்துத் தூக்கிப்போடுவார். அவர்மேல் தப்பில்லை.

அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். அந்த விதையைப் போட்டால், வேறாகத் தெரியும் கதிரை மணி உதிரும் முன்பே பிடுங்குங்கள். அதே மருந்தை, அதே விதையைப் போகத்துக்குப் போகம் தொடராதீர்கள். நடுவில் உளுந்து, பயறு என்று மாற்றுங்கள். இதை விளக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும், நடுவில் யாரும் கைதட்ட மாட்டார்கள். அதனால்தான் சொல்லாமல் இருந்தேன்.