விரல்கள் கற்கும் தமிழ்

பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களின் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பலருக்குக் கணினி புதிது, கைப்பேசி புதிதன்று. அதில் ஆங்கில எழுத்துகளைத் தட்டி, 'அம்மா' என்னும் சொல்லை வரவழைக்க அவர்கள் அறிவார்கள். தாய்மொழிச் சொல்லை அயல் எழுத்தில் எண்ணிப் பின் தமிழில் பெறும் அப்பழக்கம் எனக்கு உவப்பானதன்று. ஐந்தாம் வகுப்பினருக்குத் தட்டச்சுக் கற்பிக்கும் பொறுப்பு வந்தபோது, தமிழ்99 விசைப்பலகையையே தேர்ந்தேன். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது.

அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். முதல் நாளே ஒரு சிறுமி, "ஐயா, 'கொ' எங்கே இருக்கிறது?" என்று தேடினாள். 'க'வையும் 'ஒ'வையும் அடுத்தடுத்துத் தட்டச் சொன்னேன். திரையில் 'கொ' தோன்றியது. பழைய தட்டச்சுப்பொறியில் கொம்பு, ககரம், கால் என எழுதும் வரிசையில் மூன்று விசைகளைத் தட்டினோம். இங்கோ ஒலிக்கும் வரிசையே தட்டும் வரிசை. உயிர்மெய்யின் பிறப்பைக் கரும்பலகையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அவள் விரல்களுக்கு அது நொடியில் விளங்கிற்று.

அடுத்து, 'கங்கைகொண்ட சோழபுரம்' என்னும் அரியலூர் மாவட்டத்து ஊர்ப்பெயரைத் தந்தேன். 'கங்கைகொண்ட' என்பதற்கு எட்டே தட்டல்கள். 'ங'வை அடுத்து 'க' வந்தாலும், 'ண'வை அடுத்து 'ட' வந்தாலும் புள்ளி தானே அமைந்துவிடுகிறது. இனவெழுத்து இலக்கணத்தை இயந்திரத்துக்கும் கற்பித்திருக்கிறார்கள்!

இடர் விரல்களில்தான் இருந்தது. பெரியவர் கைக்கென அளந்த பலகை பிள்ளைகளுக்குப் பெரிது. நாற்காலியில் அமர்ந்தால் கால் தரையில் படாது; கீழே மரக்கட்டைகளை வைத்தோம். சுண்டுவிரல் வலுவின்றித் துவளும். எனவே சுட்டுவிரல் ஒன்றாலேயே எல்லாவற்றையும் குத்துவார்கள். கணினிகளும் குறைவு. ஆகவே அட்டையில் விசைகளை வரைந்து, தரையில் அமர்ந்து விரல் பழகினோம். உண்மைப் பலகையில் இரு சுட்டுவிரல்களும் தங்கும் விசைகளில் சிறு மேடு உண்டு. அட்டையில் பசைத்துளியைக் காயவைத்து அதனை உண்டாக்கினோம். இடப்புற மேடு, புள்ளியிடும் விசையிலேயே அமைந்திருப்பது பிள்ளைகளுக்கு வியப்பு.

ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கலாமே என்றனர் பெற்றோர் சிலர். நான் உடன்படவில்லை. ழகரத்தின் வளைவைச் சிலேட்டில் எழுதி, அழித்து, மீண்டும் எழுதிய கைக்கே அதன் வடிவம் வசப்படும். விசையோ எல்லா எழுத்தையும் ஒரே அழுத்தத்தில் தந்துவிடும்.

சின்ன வெங்காய அறுவடைக் காலத்தில் ஒரு மாணவன் விடுப்பு விண்ணப்பத்தைத் தானே தட்டச்சிட்டுத் தந்தான். காரணம் என்னுமிடத்தில் 'வெங்காயம்' என்ற ஒற்றைச் சொல். கையொப்பத்தை மட்டும் பேனாவால் இட்டிருந்தான்.