சிங்கமலைச் சுரங்கத்தில் ஒரு வீரன்

அட்டனில் நானுஓயா வண்டி ஏறினேன். ஜன்னலோரம் அமர்ந்திருந்த தோட்டத்துச் சிறுவன் கையில் பழைய ‘கேம்பாய்’. ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் 1989இல் வெளியிட்ட விளையாட்டுக் கருவி. அதன் திரைக்குச் சொந்த வெளிச்சமில்லை.

“அப்பா வெளையாடுனது, சேர். இப்ப கட்டார்ல இருக்காரு. அவரு விட்ட எடத்துல இருந்து நான் போறேன்.”

ஆட்டம் ‘போக்கிமான்’. தந்தை கடந்த வழியையெல்லாம் அதன் பேழைக்குள் நாணயமளவு மின்கலமொன்று காத்துவருகிறது. அது தீர்ந்தால் யாவும் அழியுமென்பதை அவனும் அறிவான். நான் வேறு கேட்டுவைத்தேன்!

கொட்டகலைக்கு முன்பாகச் சிங்கமலைச் சுரங்கம் வந்தது. திரை மறைந்தது. சிறுவன் பதறவில்லை. நாம் பொத்தானை அழுத்தும்வரை எதிரியும் காத்திருக்கும் ஆட்டமாம் அது.

வெளிச்சம் வந்தது. தேயிலைச் சரிவை நான் பார்த்தேன். அவன் திரையைப் பார்த்தான். வீரன் அங்கேயே நின்றிருந்தான்.